போராட்டத்துக்குப் புறப்படும் முன்: கண், மூச்சு, கால்

வீதிப் போராட்டத்துக்கு எதை அணிந்து செல்வது என்று யோசிக்கும்போது, அது அடியைத் தாங்குமா என்பதைவிட, நெரிசல் ஏற்பட்டால் அதை அணிந்தபடியே கண் தெரிய, மூச்சுத் திணறாமல், விரைந்து வெளியேற முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கனமான கவசம் ஓட்டத்தைக் குறைக்கும். அமைதியாக வந்தவரையும் மோதலுக்கு வந்தவராகக் காட்டும்.

செலவு செய்ய ஒன்றே ஒன்றுதான் இயலுமென்றால் அதைக் கண்ணுக்குச் செய்யுங்கள். சிலியில் 2019இல் தொடங்கிய போராட்டங்களின்போது 400க்கும் மேற்பட்டோர் கண்ணில் காயமடைந்தனர். இழந்த பார்வையை எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது. சட்டகத்தில் 'இசட்87+' (Z87+, அமெரிக்கத் தரக்குறி) என்றோ 'ஈ.என். 166' (EN 166, ஐரோப்பியத் தரக்குறி) என்றோ பொறித்த பாதுகாப்புக் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கலாம். முதற்குறியில் உள்ள கூட்டல் அடையாளம் மோதலைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ஆனால் ரப்பர் குண்டை நிறுத்தும் என்று அது உறுதி தருவதில்லை. நேரான துளைகள் உள்ள கண்ணாடிக்குள் கண்ணீர்ப்புகை எளிதாக நுழையும். நீச்சல் கண்ணாடி புகையை ஓரளவு தடுத்தாலும், அடிபட்டால் உடைந்து கண்ணுக்கே தீங்காகலாம். கான்டாக்ட் லென்ஸைத் தவிர்த்து விடுங்கள். எரிச்சலூட்டும் துகள் அதற்கும் கண்ணுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும்.

கண்ணீர்ப்புகை என்று சொன்னாலும் பெரும்பாலும் அது வாயு அன்று, காற்றில் மிதக்கும் நுண்துகள். ஆகவே முகத்தோடு சரியாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் நுரையீரலுக்கு ஓரளவு உதவும், கண்ணுக்கு உதவாது. அணிந்ததும் மூக்குக் கம்பியை இரு விரல்களாலும் அழுத்தி, பலமாக மூச்சை வெளியே விட்டுப் பாருங்கள்: கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல் விளிம்பில் கசிவு இருக்கிறது. தாடி இருந்தால் எந்தக் கவசமும் சரியாக ஒட்டாது. பழைய இராணுவ முகமூடிகளை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள், அவற்றின் வடிகட்டிகள் சிலவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) உண்டு. முகத்தை மறைப்பதையே குற்றமாகக் கருதும் சட்டம் சில நாடுகளில் இருப்பதால், செல்லும் இடத்தின் விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம்.

காலுக்கு விரல்களை மூடிய, கயிறு கட்டும், ஏற்கெனவே அணிந்து பழகிய காலணியே போதும். செருப்பு நெரிசலில் முதல் மிதியிலேயே கழன்றுவிடும். உடலை மூடும் பருத்தி உடை நல்லது, ஏனெனில் செயற்கை இழை நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தலைக்கு மிதிவண்டிக் கவசம் இலகுவானது. ஒருமுறை பலத்த அடி வாங்கிய கவசத்தை மீண்டும் நம்பக் கூடாது. எண்ணெய்ப் பசை மிகுந்த களிம்புகளைப் பூசாதீர்கள், துகள்கள் அதில் ஒட்டி நெடுநேரம் தங்கிவிடும்.

பையில் சுத்தமான தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். கண் எரிந்தால் பால் வேண்டாம், அது கிருமியற்றதன்று. 10 முதல் 15 நிமிடம் வரை தண்ணீரால் கழுவ வேண்டும். மாற்றுச் சட்டையையும், அழுக்கானதைக் கட்டி வைக்க ஒரு பிளாஸ்டிக் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பைக்குள் புதைக்காமல் கைக்கு எட்டும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், எல்லாவற்றையும் ஒருசேர அணிந்து வேகமாகப் படியேறி இறங்குங்கள். திரும்பிப் பார்க்கும்போது தோளுக்குப் பின்னால் வருபவர் தெரிகிறாரா, உடன் வருபவர் கூப்பிடுவது காதில் விழுகிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிடத்தில் கண்ணாடி மங்கினால், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.