அவோகாஷிமா: எரிமலை ஆவியில் கிழங்கு வேகவைக்கும் முறை

டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 358 கி.மீ. தொலைவில், கடலிலிருந்து செங்குத்தாக எழும் எரிமலைத் தீவு அவோகாஷிமா. பரப்பு 6 சதுர கி.மீ.கூடத் தேறாது. மக்கள் 200 பேருக்கும் குறைவு. மக்கள்தொகையில் ஜப்பானிலேயே மிகச் சிறிய ஊராட்சி இதுதான். குடிநீருக்கு மழையைத்தான் நம்பியிருக்கிறார்கள். மலைச்சரிவில் விழும் மழைநீரைத் திரட்டிச் சேர்க்கிறார்கள். ஆனால் நிலத்தடிச் சூட்டுக்கு மட்டும் இங்கே பஞ்சமே இல்லை.

அந்தச் சூடு ஒருகாலத்தில் தீவையே காலியாக்கியது. 1785-இல் எரிமலை வெடித்தபோது இருந்த 327 பேரில் சுமார் 200 பேர் படகேறி ஹச்சிஜோஜிமா தீவுக்குத் தப்பினார்கள். படகில் இடம் கிடைக்காத சுமார் 130 பேர் மாண்டுபோனார்கள். திரும்பிவர எடுத்த முதல் முயற்சிகள் கப்பல் விபத்துகளில் முடிந்தன. ஊர்த்தலைவர் சசாகி ஜிரோதாயு பொறுப்பேற்று, கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தைப் பண்படுத்தி, 1824-இல்தான் மக்களை மீண்டும் குடியேற்றினார். தீவின் நடுவே உள்ள பெரிய எரிமலைக்கிண்ணத்துக்குள் எழுந்து நிற்கும் மருயாமா என்ற சிறு குன்று அந்த வெடிப்பின் மிச்சம். கிண்ணத்தின் அடித்தளமான இகேனோசாவாவில் நிலத்தின் பிளவுகள் வழியே நீராவி வருகிறது. அந்தத் துளைகளை ஊரார் 'ஹிங்யா' என்கிறார்கள்.

முதலில் தீவுக்குப் போய்ச் சேர வேண்டும். பயணத்தில் கடினமான பகுதி இதுதான். டோக்கியோ ஹனெடாவிலிருந்து ஹச்சிஜோஜிமாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து 9 பேர் அமரும் ஹெலிகாப்டரில் 20 நிமிடம், கப்பலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஹெலிகாப்டரில் இலவசமாக 5 கிலோ சுமைதான் எடுத்துப் போகலாம். இருக்கைகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். கப்பல் போய் நிற்கும் சன்போ துறைமுகம் திறந்த கடலைப் பார்த்தபடி இருப்பதால், அலை உயர்ந்தால் கப்பல் கிளம்பாது. மூடுபனி இறங்கினால் ஹெலிகாப்டரும் நின்றுவிடும். ஆகவே திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது இரண்டு நாளாவது கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தை முன்பே உறுதி செய்துவிட்டுத்தான் பயணச்சீட்டு வாங்க வேண்டும். தங்கும் வீடுகள் மிகச் சில.

கிழங்கையும் முட்டையையும் ஹச்சிஜோஜிமாவிலேயே வாங்கிவிடுவது நல்லது. கப்பல் நாலு நாள் வராவிட்டால் தீவின் கடை அலமாரி காலியாகிவிடும். ஊர் கிண்ணத்துக்கு வெளியே, வடக்குப் பக்க மேட்டில் இருக்கிறது. இகேனோசாவாவுக்கு இறங்கும் சாலை செங்குத்து என்பதால் வாடகைக் கார் எடுப்பதே வசதி. அதற்கு 1949 ஜெனீவா உடன்படிக்கை வடிவில் உள்ள சர்வதேச ஓட்டுநர் உரிமம் வேண்டும்.

இகேனோசாவாவில் எவரும் இலவசமாகப் பயன்படுத்த ஆவி அடுப்புகள் கட்டி வைத்திருக்கிறார்கள். உணவைக் கூடையில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள்; குவித்து வைத்தால் நடுவில் உள்ளது வேகாது. கூடையை உள்ளே இறக்கி, மூடியைச் சரியாக மூடிய பிறகே குழாய்த் திருகைத் திறக்க வேண்டும், அதையும் மெதுவாக. முகத்தை அடுப்புக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். முட்டைக்கு அரை மணி நேரம் வையுங்கள். சர்க்கரைவள்ளி பருமனாக இருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டாக வெட்டிப்போட்டால் சீக்கிரம் வேகும். வெந்ததா என்று அடிக்கடி மூடியைத் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒவ்வொரு முறையும் சூடு வெளியேறி நேரம் நீளும். எடுக்கும்போது முதலில் திருகை மூடி, ஆவி அடங்கும்வரை பொறுத்து, கனமான கையுறையோடு மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறவுங்கள். குளிர்ந்த முட்டையை அப்படியே வைத்தால் ஓடு வெடிக்கும். முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். 'குசாயா' என்ற புளிக்கவைத்த கருவாட்டையும் இதில் சூடாக்குவார்கள். அதற்குத் தனி அடுப்பு எடுங்கள், இல்லையென்றால் கிழங்கிலும் அந்த வாடை ஏறிவிடும்.

வெந்த கிழங்குக்குத் தீவின் உப்பு வேண்டும். கடல்நீரை இதே ஆவியின் சூட்டில் பல நாள் மெதுவாக வற்றவைத்து எடுக்கும் உப்பு அது. விறகும் எண்ணெயும் வெளியிலிருந்து வரவேண்டிய இடத்தில், இவ்வளவு பொறுமையான தொழில் நடக்க நிலத்தடிச் சூடு இலவசமாகக் கிடைப்பதுதான் காரணம். சர்க்கரைவள்ளியிலிருந்து வடிக்கும் 'அவோச்சு' என்ற சாராயமும் உண்டு. வடிப்பவருக்கு வடிப்பவர் சுவை மாறும். கார் ஓட்டுபவர் அதைத் தொடவே கூடாது. ஜப்பானியச் சட்டம் இதில் மிகக் கடுமை.

அடுப்புப் பகுதியைத் தாண்டிப் புல்லுக்குள் கால் வைக்காதீர்கள். ஹிங்யாத் துளைகள் செடிகளுக்கடியில் மறைந்திருக்கும். குளிர்ந்த நாளில் ஆவி கண்ணுக்குத் தெரியும், வெயில் நாளில் தெரியாது. கிளம்பும் முன் கூடையைக் கழுவி, திருகு முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.