ஆறடிப் பாடலைப் பற்றி ஒரு பத்தி எழுதப் பழக்குதல்

'இப்பாடல் மிகவும் அருமையாக உள்ளது' என்ற வரியோடு நின்றுவிடும் ஏழாம் வகுப்பு மாணவரிடம் மோனை, எதுகை, அணி என்று நயப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதால் பயனில்லை. பாடலுக்குள் தாம் கண்ட ஒன்றைச் சொல்லவே அவரைப் பழக்க வேண்டும். புறநானூற்றின் 86ஆம் பாடலான சங்ககாலப் பெண்பாற் புலவர் காவற்பெண்டின் ஆறடிப் பாட்டை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

முதலில், உரையைத் திறக்காமல் பாடலை இருமுறை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். சிற்றில் என்றால் சிறிய வீடு, யாண்டு என்றால் எங்கே, கல் அளை என்றால் மலைக்குகை. இவ்வளவு சொற்பொருள் போதும்.

அடுத்து, யார் யாரிடம் பேசுகிறார் என்று கேளுங்கள். வீட்டுத் தூணைப் பற்றிக்கொண்டு 'உன் மகன் எங்கே?' என்று வினவியவருக்குத் தாய் விடையளிக்கிறாள் என்பதை மாணவரே கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாவது படியில் அவசரம் கூடாது. 'புலி சேர்ந்து போகிய கல் அளை போல' என்ற அடியின்கீழ்க் கோடிடச் செய்து, புலி யார், குகை எது என்று கேளுங்கள். மகன் புலி, ஈன்ற வயிறு குகை என்று விடை வந்ததும் நிறுத்திவிடாமல், மகன் வீரன் என்று தாய் எங்காவது சொல்கிறாளா என்று தேடச் சொல்லுங்கள். அந்தச் சொல்லே பாட்டில் இல்லை. பிறகு 'போகிய' என்பதைக் காட்டுங்கள். புலி இப்போது குகையில் இல்லை. இதைப் பெருமிதம் என்று ஒருவர் எழுதலாம். பெருமிதத்துக்குள் வெறுமையும் இருக்கிறது என்று இன்னொருவர் எழுதலாம். எனக்கு இரண்டாவதே சரியெனப் படுகிறது. ஆயினும் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மாணவர் என் கருத்தைத்தான் எழுதுவார்.

இனி எழுதச் சொல்லுங்கள்: தாம் கண்டதை ஒரு வாக்கியத்தில் சொல்லி, அதற்குச் சான்றான அடியைத் தந்து, அந்த அடி அதை எவ்வாறு காட்டுகிறது என்று விளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: 'மகனைப் பற்றித் தாய்க்கு ஐயமே இல்லை. "தோன்றுவன் மாதோ போர்க்களத்தானே" என்கிறாள். அவன் எங்கே இருக்கிறான் என்று அறியேன் என்றவள், எங்கே தோன்றுவான் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறாள்.'

திருத்தும்போது எழுத்துப் பிழைகளைத் தொடுவதற்கு முன்பு, சான்றில்லாத வாக்கியத்தின் ஓரத்தில் 'எந்தச் சொல்லில் தெரிகிறது?' என்று மட்டும் குறியுங்கள். விடையை நாமே எழுதிவிடாமல், மாணவர் பாடலுக்குத் திரும்பிப் போய்த் தேடி வரட்டும். சிற்றில், நற்றூண் என்று எதுகை வருவதை அதன் பிறகு காட்டலாம்.