தொழிலை வாங்கும்போதும் விற்கும்போதும் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பலர் விலையைப் பேசி, முன்பணம் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்தும் போட்ட பிறகுதான் வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. முன்பணம் திரும்பி வருமா, எந்த நிலையில் விலகலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே முடிவாகிவிடும். ஆகவே, எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் தேடத் தொடங்குங்கள்.

படி 1: கைமாறுவது எது என்று பாருங்கள்

நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால், அதன் பழைய கடன், வரி பாக்கி, நடக்கும் வழக்கு எல்லாம் நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். இயந்திரம், சரக்கு, பெயர் என்று சொத்துகளை மட்டும் வாங்கினால் அந்தச் சுமை பெருமளவு குறையும். ஆனால் உரிமங்களையும் ஒப்பந்தங்களையும் புதிதாகப் பெற வேண்டியிருக்கலாம். எது நல்லது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியதில்லை. உங்களுக்குப் புரியும்படி இதை விளக்கத் தெரியாத வழக்கறிஞரை மட்டும் அமர்த்தாதீர்கள்.

படி 2: பெயர்களைத் திரட்டுங்கள்

உங்கள் கணக்காளரிடமும், அண்மையில் தொழிலை விற்றவர்களிடமும் கேளுங்கள். நீதிமன்றத்தில் வாதாடுவது ஒரு திறமை, ஒப்பந்தம் எழுதுவது வேறு திறமை. குடும்ப வழக்கை வென்று தந்தவர் என்பதற்காக இந்த வேலையை அவரிடம் ஒப்படைக்க வேண்டாம். மூன்று பேரையாவது நேரில் சந்தியுங்கள்.

படி 3: முதல் சந்திப்பில் சோதியுங்கள்

நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. கடையின் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துச் சென்று அவர் கையில் கொடுங்கள். வாடகைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறாரா? அல்லது, ‘உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி வேறொருவருக்கு மாற்றக் கூடாது’ என்பது போன்ற வரியைத் தேடிப் பிடித்து, அதில் விரலை வைத்து, “இடத்தின் உரிமையாளரிடம் பேசிவிட்டீர்களா?” என்று கேட்கிறாரா? இரண்டாமவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடம் கைவிட்டுப் போனால் தொழிலில் மிஞ்சுவது என்ன?

இதற்கு முன் செய்து முடித்த விற்பனைகளில் எது சிக்கலாக இருந்தது என்றும் கேளுங்கள். தன்னை அமர்த்தியவர்களின் பெயரைச் சொல்லாமலே நல்ல வழக்கறிஞரால் விளக்க முடியும். பெயர்களைக் கொட்டுபவர் நாளை உங்கள் கதையையும் சொல்வார்.

நீங்கள் விற்பவரானால் இன்னும் இரண்டு கேள்விகள். ‘மறைந்த கடன் இல்லை, வழக்கு இல்லை’ என்பது போல நான் கொடுக்கும் உத்தரவாதங்களுக்காக எத்தனை மாதம் வரை, எவ்வளவு தொகை வரை என்னிடம் இழப்பீடு கேட்க முடியும்? விலை தவணையாக வந்தால், வராத தவணைக்கு என்ன பிணை? இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்துவிடுங்கள்.

படி 4: அவர் யார் பக்கம்?

செலவு மிச்சம் என்று இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞரை வைப்பது ஆபத்து. விலையும் உத்தரவாதமும் ஒருவருக்குச் சாதகமானால் மற்றவருக்குப் பாதகம். இரு தரப்பையும் ஒருவரே காக்க முடியாது.

படி 5: கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள்

மணிக்கணக்கா, மொத்தத் தொகையா, எந்த வேலை அதில் அடங்காது, பத்திரங்களைப் படிக்கப்போவது அவரா, உதவியாளரா என்று எல்லாவற்றையும் கேளுங்கள். விற்பனை முடிந்தால்தான் கட்டணம் என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் “இதை வாங்காதீர்கள்” என்று சொல்ல வேண்டிய நாளில் அதுவே அவர் வாயைக் கட்டிவிடலாம்.