டெலி லென்ஸும் எக்ஸ்டென்டரும்: பறவைப் படம் எடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடைக்காற்று தொடங்கி வலசைப் பறவைகள் வந்திறங்கியதும், புதிதாகக் கமரா வாங்கிய இளையவர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, எத்தனை மில்லிமீற்றர் லென்ஸ் வாங்கலாம்?" நியாயமான கேள்வி. ஆனால் மில்லிமீற்றரை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். 150-600 மில்லிமீற்றர் லென்ஸில் 2 மடங்கு எக்ஸ்டென்டரை, அதாவது லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் பூட்டி லென்ஸின் நீளத்தைக் கூட்டும் சிறு கண்ணாடிக் குழாயை, பூட்டி, நல்ல மத்தியான வெயிலில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் நின்று, தூரத்தில் மேய்ந்த பூநாரைக் கூட்டத்தை எடுத்தேன். கணக்குப்படி 1200 மில்லிமீற்றர். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் ஒரு பறவைக்கும் விளிம்பு இல்லை. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நிற்பது போல நெளிந்து கிடந்தன. லென்ஸ் பழுது என்றே முடிவு கட்டி, திருத்தக் கொடுக்க ஆயத்தமானேன். அடுத்த நாள் விடியப்புறம் எக்ஸ்டென்டரைக் கழற்றிவிட்டு, அதே லென்ஸோடு சரசாலைக் குருவிக்காட்டுப் பக்கம் போனேன். கிட்ட நின்ற நெடுங்கால் உள்ளானின் சிவந்த கண், இமையோரம் வரை தெளிவாக வந்திருந்தது.

லென்ஸில் குறை இல்லை. முதல் நாள் படங்களைக் கெடுத்தது கானல். எங்கள் கடல்நீரேரி ஆழமில்லாதது. வெயில் ஏற ஏறத் தண்ணீரும் சேற்றுத் தரையும் சூடாகி, மேலே உள்ள காற்று வேறுவேறு வெப்பத்தில் அலையத் தொடங்கும். அதற்குள்ளால் வரும் ஒளி வளைந்து வளைந்துதான் கமராவுக்கு வந்து சேரும். லென்ஸின் நீளம் கூடும்போது பறவையோடு அந்த அலைவும் சேர்ந்து பெரிதாகும். எத்தனை இலட்சம் கொடுத்தாலும் இதை நீக்கும் கண்ணாடி கிடையாது. தூரத்துப் பறவைக்காக எக்ஸ்டென்டர் வாங்குவதுதான் நான் பார்க்கும் முதல் தவறு. கிட்ட நிற்கும் சிறிய பறவையைக் கொஞ்சம் பெரிதாக்கத்தான் அது நன்றாக உதவும். வாகனத்துக்குள் இருந்து எடுப்பவர்கள் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். பொனெட்டில் இருந்து எழும் சூடும் சின்னக் கானல்தான்.

எக்ஸ்டென்டர் வெளிச்சத்தையும் தின்னும். 1.4 மடங்கு ஒரு ஸ்டொப்பையும், 2 மடங்கு இரண்டு ஸ்டொப்பையும் எடுத்துக்கொள்ளும். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது. எஃப் எண் கூடக்கூட லென்ஸுக்குள்ளால் வரும் வெளிச்சம் குறையும்: 600 இல் எஃப் 6.3 ஆக இருக்கும் லென்ஸ், 1.4 போட்டால் 840 இல் எஃப் 9 ஆகும். 2 போட்டால் ஏறத்தாழ எஃப் 13. பறக்கும் ஆலாவை உறைய வைக்க 1/2000 நொடியாவது வேண்டும். விடியற்காலை ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளி உணர்திறன்) 800 இல் முடிந்த வேலைக்கு, 2 மடங்கு போட்டால் 3200 தேவை. ஒட்டோ ஃபோகஸும் தடுமாறும். உள்ளே ஒளியைத் திருப்பும் ஆடி உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். கமராக்கள் பலவற்றில் எஃப் 5.6 ஐத் தாண்டினால் அது வேலை செய்யாது. சிலவற்றில் எஃப் 8 வரை, அதுவும் நடுப்புள்ளியில் மட்டும். அந்த ஆடி இல்லாத மிரர்லெஸ் கமராக்கள் இந்த விடயத்தில் எவ்வளவோ மேல்.

அப்படியென்றால் எக்ஸ்டென்டரே வேண்டாமா? வேண்டும், நல்ல லென்ஸுக்கு. 300 எஃப் 4 போன்ற கூர்மையான லென்ஸில் 1.4 போட்டால் 420 எஃப் 5.6 கிடைக்கும், படமும் பெரிதாகக் கெடாது. மலிவான 70-300 இல் போட்டால், அந்த லென்ஸின் குறையைத்தான் அது பெரிதாக்கிக் காட்டும். 24 மெகாபிக்சல் படத்தை 1.4 மடங்குக்கு வெட்டினாலும் 12 மெகாபிக்சல் மிஞ்சும். முகநூலுக்கும் சிறு அச்சுக்கும் அது தாராளம். வாங்க முன் யாரிடமாவது இரவல் வாங்கி, ஒரே பொருளை இரண்டு விதமாகவும் எடுத்து, ஒரே அளவுக்குப் பெருப்பித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொருந்துமா என்று பாராமல் வாங்கி ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்டென்டரின் முன்கண்ணாடி பல வகைகளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எல்லா லென்ஸுக்குள்ளும் அது போகாது. கனொன் ஆர்.எஃப். 100-500 இல் பூட்டினால் 300 க்குக் கீழே சுருக்க முடியாது. சோனியின் எக்ஸ்டென்டர்கள், சிக்மாவும் டம்ரொனும் சோனி கமராவுக்கென்று செய்யும் லென்ஸ்களில் பொருந்தாது.

நீளம் கூடியதுதான் எப்போதும் நல்லது என்று நினைப்பவர்கள் ஒருமுறை குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே குதிரைகள் சில வேளை நன்றாகவே கிட்ட நிற்கும். சூம் இல்லாமல் 600 இல் நிலையாக நிற்கும் லென்ஸோடு போனால் தலையும் பிடரியும்தான் கிடைக்கும். கூட்டமும் கல்வேலியும் வெட்டவெளியும் வெளியே போய்விடும். எனக்கு அங்கே 100-400 தான் சரி. ஏ.பி.எஸ்-சி (சிறிய சென்சர் உள்ள) கமரா வைத்திருப்பவர்கள் லென்ஸின் நீளத்தை 1.5 ஆல், கனொன் என்றால் 1.6 ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். அந்த 400, கனொனில் 640 இன் பார்வைதான் தரும். பலருக்கு இனி எக்ஸ்டென்டரே தேவைப்படாது.

எடையையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 150-600 வகை லென்ஸ்கள் ஏறத்தாழ 2 கிலோ. கடையில் ஐந்து நிமிடம் தூக்குவது ஒன்று, மண்டைதீவு வீதியில் வாடைக்காற்று அடிக்க அடிக்க ஒரு மணிநேரம் நிற்பது வேறொன்று. மெல்லிய ட்ரைபொட் அந்தக் காற்றில் நடுங்கும். படகிலோ ட்ரைபொட்டே கூடாது. எஞ்சின் அதிர்வு கால் வழியாக நேரே லென்ஸுக்கு ஏறும், கையில் பிடிப்பதே நல்லது.

பழைய லென்ஸ் வாங்குவதில் பிழை இல்லை, பூஞ்சணம் பார்க்காமல் வாங்குவதுதான் பிழை. எங்கள் உப்புக்காற்றும் மாரி ஈரமும் கண்ணாடிக்குள் அதை இலகுவாக வளர்த்துவிடும். இருட்டான இடத்தில் பின்பக்கத்தால் டோர்ச் அடித்து, முன்பக்கத்தால் சரித்துப் பாருங்கள். சிலந்திவலை போல மெல்லிய இழை தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள். அப்புறம், எக்ஸ்டென்டரும் சேர்த்துத் தருகிறார்கள் என்றால் அதையும் அதே டோர்ச்சில் பாருங்கள், பூட்டி ஃபோகஸ் பிடிக்கிறதா என்று கடை வாசலில் போகிற காகத்தை எடுத்துப் பார்த்துவிட்டே காசை எண்ணுங்கள்.