தொண்ணூறுகளின் பாஸ்கெட்பால் கார்டு வாங்கப் போகிறீர்களா?

பாஸ்கெட்பால் கார்டு என்பது வீரர்களின் படம் அச்சிட்ட, சேகரிப்பதற்கான அட்டை. பழைய கார்டு என்றாலே அரிய கார்டு என்று நினைத்துத்தான் புதிதாக வருகிறவர்கள் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். 1990, 91 வாக்கில் அமெரிக்காவில் ஹூப்ஸ், ஃப்ளீர், ஸ்கைபாக்ஸ் என்று கார்டு பிராண்டுகள் எல்லாம் அச்சடித்துக் குவித்தவை இன்னமும் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை மைக்கேல் ஜோர்டன் படமே இருந்தாலும் பெரிதாக விலை போகாது. அதற்குப் பிறகு வந்த 1997-98 மெட்டல் யுனிவர்ஸ் செட்டில் பிரெஷஸ் மெட்டல் ஜெம்ஸ் என்ற சிறப்பு வகையைப் பாருங்கள்: ஒரு வீரருக்கு மொத்தமே 100 கார்டு, முதல் 10 பச்சை, மீதி 90 சிவப்பு. தேட வேண்டியது இப்படிக் கார்டிலேயே வரிசை எண் போட்டு, குறைவாக வந்தவற்றைத்தான்.

எல்லாவற்றையும் சேர்க்க நினைக்காமல் ஒரே ஒரு செட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தொண்ணூறுகளுக்குக் கொஞ்சம் முந்தையது என்றாலும், 1986-87 ஃப்ளீர். மொத்தம் 132 கார்டுகள், 57ஆம் எண் ஜோர்டன். ஆனால் போலி அதிகம் புழங்குவதும் அந்த 57தான். அதனால் முதலில் அதே செட்டில் பெயர் தெரியாத வீரர்களின் மலிவான கார்டுகள் நாலைந்து வாங்கி, லென்ஸ் வைத்து உட்கார்ந்து பாருங்கள். படம் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரியும், ஆனால் கறுப்பு எழுத்தும் கோடும் புள்ளி இல்லாமல் அடர்த்தியாக இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அச்சடித்த போலியில் எழுத்தே புள்ளியாக உடைந்து நிற்கும். இந்த ஒரு பழக்கம் கண்ணுக்கு வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கார்டுகளைச் சோதித்துத் தரம் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் சான்றோடு, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வந்தாலும் பெட்டியிலுள்ள சான்று எண்ணை மட்டும் சரிபார்த்துவிட்டு விடாதீர்கள், அசல் பெட்டியின் எண்ணையே போலியில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு பிஎஸ்ஏ தளத்தில் படம் இருந்தால், நாலு பக்க வெள்ளை ஓரமும் அதே அகலத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரிஃப்ராக்டர் (வானவில் நிறத்தில் மினுங்கும் குரோம் கார்டு) என்றால் விளக்கடியில் சாய்த்துப் பார்க்க வேண்டும், வானவில் ஓட வேண்டும். 1996-97 டாப்ஸ் குரோமின் கோபி பிரையன்ட் (எண் 138) போன்ற பழைய குரோம் கார்டுகளில், அதாவது உலோகம் போலப் பளபளக்கும் கார்டுகளில், காலப்போக்கில் பச்சை ஏறுவதும் உண்டு, அதை வெளிச்சத்தில் எடுத்த படம் கேட்டு வாங்கிப் பார்த்தபின் விலை பேசுங்கள்.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன் மேல் டாப்லோடர் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் உறை. உள்ளே நுழைக்கும்போது மூலைதான் முதலில் அடிபடும், மெல்லிய உறையின் வாய் ஓரத்தைக் கத்தரியால் கொஞ்சம் சாய்வாக வெட்டிவிட்டால் கார்டு தட்டாமல் இறங்கும்.