தேரிக்காடும் மணப்பாட்டுக் கடலும்

ஊருக்கு வருகிறவர்கள் திருச்செந்தூரில் சாமி கும்பிட்ட கையோடு திருநெல்வேலிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு நாள் ஒதுக்குங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய தேரி என்ற செம்மணல் மேடுகளும் மணப்பாட்டுக் கடற்கரையும் அங்கே பக்கத்திலேயே கிடக்கின்றன.

முதலில் மாதத்தைப் பாருங்கள். கனடா, ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வரும். இங்கே அது ஆடிக் காற்றுக் காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தேரி மணலை வாரி முகத்தில் அடிக்கும். மேடுகளை இடம் மாற்றுவதும் அதே காற்றுதான். அப்போதுதான் வர முடியும் என்றால் விடிந்ததும் ஏறி, காற்று வலுக்குமுன் இறங்கிவிடுங்கள். தை, மாசி சுகமான மாதங்கள். பதனீர் ஆசை இருந்தால் பங்குனி, சித்திரையில் வாருங்கள்; வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி எப்போது வந்தாலும் வாங்கலாம்.

திருச்செந்தூருக்கு மேற்கே மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் செம்மணல், நடுவே நல்ல தண்ணீர்ச் சுனை. மழைநீரை மணல் உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்வதால் வந்த வரம் அது. மணல் துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் இந்தச் சிவப்பு. காலையில் செருப்பைக் கழற்றி நடந்து பாருங்கள். பத்து மணிக்குமேல் கால் வைக்க முடியாது. உள்ளே தூரம் போவதானால் உள்ளூர் அண்ணாச்சி ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். எல்லா மேடும் ஒன்றுபோலத் தெரியும், கால்தடத்தையும் காற்று அழித்துவிடும்.

சாயங்காலம் குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு போங்கள். கடலோர மணல் குன்றின்மேல் 1581-ல் எழும்பிய திருச்சிலுவைக் கோயிலும், 1542-ல் வந்த புனித சவேரியார் தங்கிய குகையும் இருக்கின்றன. செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டி வந்தால் கூட்டம் நெரியும். அலையைப் பார்த்து ஆசைப்பட்டு இறங்காதீர்கள். எந்த இடத்தில் இழுவை அதிகம் என்று கரையில் வலை பின்னுகிறவர்களைக் கேளுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மணலைப் பிடித்து நிறுத்துவது அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அவற்றின்மேல் வண்டி ஏற்றாதீர்கள். தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிடக் கரையேறினால் போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தொட்டால் 1972 வனஉயிரினச் சட்டப்படி குற்றம். நினைவுக்கென்று பாட்டிலில் மண்ணும் அள்ளாதீர்கள். தாதுமணல் கொள்ளையில் இந்தக் கரை பட்ட பாடு போதும். 2013-ல் அரசு தடை போட வேண்டியதாயிற்று.

மறுநாள் நேரம் இருந்தால் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போங்கள். ஊருக்குள் மரத்துக்கு மரம் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.