ஹவுஸ் சர்ஜன்கள் பி.எச்.சி.க்கு வரும்போது: மெடிக்கல் ஆபீசர்களுக்குச் சில யோசனைகள்

ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது எம்.பி.பி.எஸ். தேர்வு முடித்த பயிற்சி மருத்துவர்கள், வருகிறார்கள் என்றதும், "ஓ.பி. கூட்டத்தைச் சமாளிக்க ஆள் கிடைச்சாச்சு" என்றுதான் நம்மில் பலருக்கும் தோன்றும். அந்த நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். 2021-இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகளின்படி, ஓராண்டுப் பயிற்சியில் சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம். அதிலும் ஒரு பகுதிதான் நம்மிடம். அந்தக் கொஞ்ச நாளையும் சீட்டு எழுதியே கழித்துவிட்டால், வார்டுக் கட்டிலில் பார்த்த நோயாளி வீட்டில் எப்படி வாழ்கிறார் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். திருவாரூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் பலன் தந்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் வருவதற்கு முன்பே தாழ்ப்பாள் சரியாக விழும் கழிப்பறை, உட்கார ஓர் அறை, கடைசி பஸ் நேரம் இவற்றைப் பார்த்து வையுங்கள். பெண்கள் இரவுப் பணிக்குத் தங்குவதாக இருந்தால் யார் துணைக்கு இருப்பார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். பிறகு ஸ்டாஃப் நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீசியன் எல்லோரிடமும் பேசுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் தனியாகப் பேசுங்கள். பாதிப் பாடத்தை நடத்தப் போகிறவர் அவர்தான். அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. புதன்கிழமை தடுப்பூசி முகாமுக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகு அனுப்புங்கள்.

முதல் நாள் ஓ.பி.யில் உட்கார வைக்காதீர்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே, பார்மசிஸ்ட் பக்கத்தில் நிற்கட்டும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து என்னென்ன வருகிறது, எது தீர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால், வெளியே வாங்கச் சொல்லி எழுதுமுன் கை ஒரு கணம் தயங்கும்.

ஓ.பி.யில் நான் கடைப்பிடிக்கும் முறை இது. பயிற்சி மருத்துவர் பார்க்கலாமா என்று நோயாளியிடம் கேட்டுக்கொள்வேன். பிறகு ஹவுஸ் சர்ஜன் தனியாகப் பேசி, பரிசோதித்து முடித்ததும் நான் போய் உட்காருவேன். கேஸை நோயாளியின் முன்னாலேயே, தமிழில்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் நோயாளி பேசாமல் உட்கார்ந்திருப்பார். தமிழில் சொல்லும்போது, "இல்லீங்க டாக்டரம்மா, அந்த மாத்திரைய நான் போன மாசமே நிறுத்திட்டேன்" என்று நடுவில் திருத்துவார். பத்துக் கேள்வி கேட்டும் வராத விஷயம் அங்கே வந்துவிடும். ஆளுக்குக் கொஞ்சம் பேரை மட்டும் கொடுங்கள், வரிசை நீண்டாலும் பரவாயில்லை.

மருத்துவ கவுன்சிலில் அவர்களுக்கு இருப்பது பயிற்சிக் காலத்துக்கான தற்காலிகப் பதிவுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். சீட்டு, சான்றிதழ் எதுவானாலும் நாம் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வெளியே போக வேண்டும்.

வாரத்தில் ஒரு நாளாவது 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலருடன் வீடுகளுக்கு அனுப்புங்கள். ஓ.பி.யில் சர்க்கரை அளவு இறங்காத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, டோஸைக் கூட்டுமுன் அவர் வீட்டுக்குப் போய் வரச் சொல்வேன். மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் கட்டளை. ஒருமுறை ஒரு பையன் டப்பாவைத் திறந்தபோது மெட்ஃபார்மின் அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. "சாப்பிட்டுட்டுப் போடச் சொன்னீங்க. நடவுக்குப் போற நாள்ல காலையில எங்க சாப்பிடறது?" என்றாராம் அந்த அம்மா. திரும்பி வந்தவன் டோஸைப் பற்றிப் பேசவேயில்லை. மதியத்துக்கு மாற்றலாமா என்று கேட்டான்.

வயல் சூழ்ந்த இடம் என்றால் பாம்புக்கடிக்கான 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை ஒவ்வொருவரும் தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது, நல்ல ரத்தமே உறையாமல் ஏமாற்றிவிடும். ரத்தம் உறையவில்லை என்றால், விஷமுறிவு மருந்தின் முதல் டோஸை இங்கேயே தொடங்கிவிட்டு 108-இல் ஏற்றி அனுப்புவதுவரை கூடவே நிற்கச் சொல்லுங்கள்.

அவர்கள் செய்த வேலைகளைக் குறித்துவரும் லாக் புக்கில் அன்றன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கடைசி நாளில் மொத்தமாகப் போட்டால், யார் என்ன செய்தார்கள் என்று நமக்கே நினைவிருக்காது. மதிப்பீடு எழுதுமுன் செவிலியரையும் பார்மசிஸ்டையும் கூப்பிட்டுக் கேளுங்கள். வயதானவரிடம் எப்படிப் பேசினார், கைக்குழந்தையை எப்படித் தூக்கினார், சொன்ன நேரத்துக்கு வந்தாரா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அதை அந்தப் பிள்ளையை எதிரில் உட்கார வைத்து நேரிலேயே சொல்லிவிடுங்கள்.